கரையின் முதுகுப்புறம்: நீலகிரியில் சிறு தனியார் அணைகளைப் பராமரிக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர், குந்தா பகுதிகளில் தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்திலோ கேரட் வயலின் அடிவாரத்திலோ ஒரு சிற்றோடையை மறித்து எழுப்பிய மண்கரையும், அதன் பின்னால் தேங்கி நிற்கும் கரும்பச்சைத் தண்ணீரும் புதிய காட்சியல்ல. தொழிற்சாலைக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் கொடுக்கத் துரைமார் காலத்தில் கட்டியவை சில. ஸ்பிரிங்க்ளர் பாசனத்துக்காக உழவர்கள் பின்னாளில் கட்டியவை சில. விடுதிகளும் பள்ளிகளும் தங்கள் வளாகத்துக்கென வைத்திருப்பவை சில. உயரம் பெரும்பாலும் 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கும். கட்டியவர் யார், எந்த மண்ணை இட்டார், அடியில் போகும் குழாய்க்கு வயது என்ன என்பதெல்லாம் இப்போதைய உரிமையாளருக்குத் தெரிந்திருப்பது அரிது.

இத்தகைய அணையைப் பார்க்கப் போகிறவர் கரைமேல் ஏறித் தண்ணீரைப் பார்த்து நிற்பதே வழக்கம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, ஏப்ரல் வரை தாங்குமா என்பதுதான் அவர் கவலை. மண்கரையோ தன் நோயைப் பெரும்பாலும் தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்கும் வெளிச்சரிவிலும், அது தரையைத் தொடும் அடிக்காலிலுமே காட்டுகிறது. புதர் மண்டி, முள் கிழித்து, யாரும் இறங்கிப் பார்க்காத இடமும் அதுவேதான். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் பற்றியே பேசுகிறது.

பொறுப்பு யாருடையது

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து நீளம், கொள்ளளவு போன்றவற்றில் குறிப்பிட்ட அளவை எட்டும் அணைகளையும் மட்டுமே தன் வரம்புக்குள் கொள்கிறது. நம் பள்ளத்தில் நிற்கும் 5 மீட்டர்க் கரை அதில் சேராது. அந்தச் சட்டத்தின்படி அதைச் சோதிக்க எவரும் வரமாட்டார் என்பதுதான் இதன் பொருள். உடைந்தால் கேட்க எவரும் வரமாட்டார் என்பதல்ல.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டதற்காகக் கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மீது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தொடுத்த வழக்கில், ஜமீன்தார் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1874-இல் தீர்ப்பளித்தது. அவை தொன்றுதொட்டு மக்களுக்குப் பாசனம் தந்த ஏரிகள், அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அவர் கவனக்குறைவாக இருந்ததாக நிறுவப்படவில்லை என்பவை அதற்கான காரணங்கள். தன் தோட்டத்துக்கும் விடுதிக்கும் மட்டுமென்று தண்ணீரைத் தேக்கி வைத்து, பத்தாண்டுகளாகக் கரைப் பக்கம் போகாத ஒருவர் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது என்பது என் எண்ணம். செய்த பராமரிப்பைத் தேதியிட்டு எழுதி வைப்பதன் அவசியமும் இங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் கீழே நடக்க வேண்டும்

அணையைச் சோதிப்பதற்கு முன் ஓடை வழியே கீழ்நோக்கி ஒரு கிலோமீட்டராவது நடந்து பார்க்க வேண்டும். அணை கட்டியபோது வெறும் புல்வெளியாக இருந்த இடத்தில் இன்று லைன் வீடுகளோ ஹோம்ஸ்டேயோ ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போகும் சாலையோ பம்பு ஷெட்டோ இருக்கலாம். கரை மாறவில்லை என்றாலும், கரை உடைந்தால் நேரும் கேடு மாறிவிடுகிறது.

10 லட்சம் லிட்டர் என்று சொன்னால் அது சிறிய குட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் எடை 1,000 டன். பத்து டன் லாரிகளில் ஏற்றினால் நூறு லாரி. மலைச்சரிவில் அது சில நிமிடங்களில் இறங்கும்போது தண்ணீராக மட்டும் இறங்காது, வழியிலுள்ள மண்ணையும் பாறையையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு சேறாக இறங்கும். 2018 மே மாதம் கென்யாவில் ஒரு பண்ணையின் தனியார் அணை, தொடர்மழையில் இரவு நேரத்தில் உடைந்து 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த ஊரின் பெயர் சோலாய். நம் காதுக்குச் சோலை என்றே கேட்கும் அந்தப் பெயரை எனக்கு மறக்க முடிவதில்லை.

கீழே மனிதர்கள் உறங்கும் இடம் ஒன்றாவது இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டடப் பொறியாளர் ஒருவரை, இயன்றால் மண் அணைகளில் பழக்கமுள்ளவரை, அழைத்துக் காட்டுவது கட்டாயம் என்று கொள்ள வேண்டும். கீழே காடும் ஓடையும் மட்டுமே என்றால் உரிமையாளரின் சொந்தக் கண்ணே பெரும்பாலும் போதும்.

எப்போது பார்ப்பது

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். மேற்குப் பக்கமான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, மேல்பவானி ஆகியவை ஜூன் முதல் தென்மேற்குப் பருவத்தில் நனைகின்றன. கிழக்குப் பக்கமான குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில் நனைகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2009 நவம்பரில், கேத்தியிலும் ஒரே நாளில் அந்த அளவு கொட்டியது. அப்போது நிகழ்ந்த மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எந்தப் பக்கத்து அணையாயினும் தனக்குரிய பருவத்துக்கு ஆறு வாரம் முன்பு முழுச் சோதனையை முடித்திருக்க வேண்டும்: மேற்கே ஏப்ரல் நடுவில், கிழக்கே ஆகஸ்டு இறுதியில். பழுது கண்டால் சரிசெய்யவும் அந்த ஆறு வாரம் வேண்டும்.

முழுச் சோதனை ஆண்டுக்கு இருமுறை; மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுருக்கமான நடை; பெருமழை பெய்த மறுநாள் காலை தவறாமல் ஒரு நடை. இதற்கு மேல் ஆளும் நேரமும் செலவிட வேண்டியதில்லை, இதற்குக் குறைத்தும் பயனில்லை.

கரை நடை

முதல் வேலை, வெளிச்சரிவின் புதரை வெட்டுவது. மண் தெரியாத கரையைச் சோதிக்க முடியாது. கிக்கூயூ புல் இருந்தால் அது கரைக்கு நல்ல போர்வை. கணுக்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் போதும், செதுக்கி எடுக்கக் கூடாது.

பிறகு கரைமேல் ஒரு முனையில் நின்று, கண்ணைத் தாழ்த்தி, மறுமுனை வரை கரையின் மேல்விளிம்பு ஒரே நேர்கோடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவே தாழ்ந்திருந்தால் கரை அமிழ்ந்திருக்கிறது. வெள்ளம் வந்தால் முதலில் அங்கேதான் வழியும். காட்டெருமைகள் தண்ணீருக்கு வரும் தடமும் தொழிலாளர் குறுக்குவழியும் கரையை இப்படி அரையடி வரை தேய்த்துவிடுகின்றன. தண்ணீர் நிறைந்து நிற்கும்போதும் கரையின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்திருப்பது நல்லது. கரையின் தலைப்பு அகலம் 3 மீட்டரும், உட்சரிவு ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கும், வெளிச்சரிவு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கும் கிடைமட்டம் கொண்டிருப்பது சிறு மண் அணைகளுக்குப் பொதுவான அளவு. பழைய கரைகள் பல இதைவிடச் செங்குத்தாக நிற்கின்றன. நின்றுவிட்டன என்பதால் அவற்றை உடனே இடிக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் மேல் இன்னும் இரண்டடி மண் போட்டு உயர்த்த நினைப்பது மிகப் பெரிய தவறு.

விரிசல்களில் இரண்டு வகை உண்டு. கரையின் நீளவாக்கில் ஓடும் விரிசல், சரிவு நழுவத் தொடங்கியதைக் காட்டலாம். கரையைக் குறுக்கே வெட்டி ஓடும் விரிசல், தண்ணீர் உள்ளிருந்து வெளியேற நேர்வழி தருவதால் அதனினும் அவசரமானது. இருபுறமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியை நாடாவால் அளந்து எழுதி, பத்து நாள் கழித்து மீண்டும் அளந்தால் விரிசல் வளர்கிறதா, வெறும் கோடை வெடிப்பா என்பது தெரிந்துவிடும். சிமெண்டுப் பாலை ஊற்றி மூடுவது மேஸ்திரிகளுக்குப் பிடித்த வைத்தியம். அது மேலே மூடி உள்ளே பொந்தை அப்படியே விட்டுவிடும். விரிசலின் அடிவரை தோண்டி, ஈரக் களிமண்ணைச் சாண் உயரத்துக்கும் குறைவான அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திம்சு கட்டையால் இடித்து நிரப்புவதே முறை. மண்ணின் ஈரத்துக்கு ஒரு கைக்கணக்கு: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பளவிலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது; சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம்.

இனி அடிக்கால். எல்லா மண்கரையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். கசிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கசிவு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எந்த நிறத்தில் வருகிறது. சுற்றிலும் புல் காய்ந்திருக்கும் பிப்ரவரியில் வெளிச்சரிவின் ஓரிடத்தில் மட்டும் புல் பசேலென்று செழித்திருந்தாலோ, காலை வைத்தால் அமிழ்ந்தாலோ அங்கே கசிவு உண்டு. அந்த ஈரத்திட்டு அடிக்காலிலிருந்து ஆண்டுக்காண்டு மேலேறி வந்தால் கரை உள்ளுக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது.

அளவைப் பார்க்க, கசிவு நீரை ஒரு சிறு வாய்க்காலில் கூட்டி, பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினால் போதும். கசிவு அதிகமெனில் ஒரு தகட்டில் செங்கோண முக்கோண வெட்டு வைத்து வாய்க்காலின் குறுக்கே நிறுத்தலாம். சற்று மேலே அளக்கும்போது தண்ணீர் வெட்டின் முனைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றே கூடுதல் என்றும், 10 சென்டிமீட்டர் நின்றால் ஏறத்தாழ நாலரை லிட்டர் என்றும் கொள்ளலாம். அளவைவிட மாற்றமே முக்கியம்: அணையின் நீர்மட்டம் அதே அளவில் இருக்க, மழையும் இல்லாமல், கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது.

நிறத்துக்கு ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டில் போதும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதும் ஒருவகையில் வசதியாயிற்று. கண்ணாடியில் வண்டல் தெளிவாகத் தெரிகிறது. கசிவு நீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தால், அடியில் செம்மண் படிகிறதா என்பது காலையில் தெரியும். தெளிந்த கசிவு வாழ்நாள் முழுதும் இருந்துவிட்டுப் போகலாம். கலங்கிய கசிவு, கரை தன் உடம்பையே தண்ணீரோடு வெளியே அனுப்புகிறது என்பதற்குச் சாட்சி. உள்ளே புழை உண்டாகி, அது தண்ணீர்ப் பக்கம் வரை நீண்டுவிட்டால், சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

அப்படிக் கலங்கி வரும் துளையைக் களிமண்ணால் அடைக்க யாருக்கும் கை துடிக்கும். அடைக்கக் கூடாது, அடைத்தால் தண்ணீர் வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும். துளையின் மேல் முதலில் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெருங்கல் என்று அடுக்க வேண்டும். தண்ணீர் வெளியேறட்டும், மண் உள்ளே தங்கட்டும் என்பதே நோக்கம். உடனே நீர்மட்டத்தையும் குறைக்கத் தொடங்க வேண்டும். இதற்காகவே நாலைந்து யூனிட் மணலும் ஜல்லியும் கரைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் குவித்து வைத்திருப்பது நல்லது. நவம்பர் மாதத்து இரவில் மலைச்சாலை அடைபட்டிருக்கும்போது லாரி வராது.

கலிங்கு

மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழியைச் சமவெளியில் கலிங்கு என்பார்கள். எஸ்டேட்டில் ஓவர்ஃப்ளோ என்றால்தான் விளங்கும். மண்கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் கரை கரைந்துவிடும் என்பதால், கரையின் உயிர் முழுவதும் இந்த வழியில் இருக்கிறது. உலகெங்கும் மண் அணைகள் உடைவதற்கான முதன்மைக் காரணங்கள் இரண்டு: ஒன்று முன்சொன்ன உட்புழை, மற்றது கலிங்கு போதாமல் கரைமேல் வழிவது. முதலாவதைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

கணக்கு கடினமன்று. அணைக்குத் தண்ணீர் தரும் சரிவு 10 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர் என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால் அந்தச் சரிவில் ஒரு மணி நேரத்தில் ஒரு கோடி லிட்டர் விழும். தேயிலைச் செடிகள் மூடிய நிலத்தில் பாதியை மண் குடித்துவிடும் என்று வைத்தாலும், 50 லட்சம் லிட்டர் அணைக்கு வரும்: விநாடிக்கு ஏறத்தாழ 1,390 லிட்டர். ஏற்கெனவே ஊறிப்போன கேரட் வயல் என்றால் பாதி கூடக் குடிக்காது.

இதற்குப் பல அணைகளில் இருப்பதென்ன? கரையில் பதித்த ஓர் ஆறு அங்குலக் குழாய். அது விநாடிக்கு 35 லிட்டர் வெளியேற்றினால் பெரிது. இந்தக் கணக்குக்கு அப்படிப்பட்ட குழாய்கள் நாற்பது வேண்டும். கல்லோ கான்கிரீட்டோ பாவிய திறந்த கலிங்கில், தண்ணீர் ஓரடி உயரம் வழிந்தால் ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 280 லிட்டர் போகும். ஆகவே 5 மீட்டர் அகலம் தேவை. அரை மீட்டர் உயரம் வழிய இடமிருந்தால் இரண்டரை மீட்டர் அகலம் போதும். இது குறைந்தபட்ச அளவு. கீழே வீடுகள் இருந்தால் இதை இரட்டிப்பாக்கிக்கொள்வதும், பொறியாளரிடம் சரிபார்ப்பதும் முறை.

இந்த இடத்தில் நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், கோடைக்குக் கூடுதலாக ஓரடி தண்ணீர் தேக்க, இரண்டடி ஆழக் கலிங்கின் வாயில் பிப்ரவரியில் பலகை செருகியிருந்தார்கள். மழை தொடங்கியபின் எடுத்துவிடலாம் என்று பேச்சு. எடுக்க வேண்டியவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனார், பிறகு வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார். அக்டோபர் இரவொன்றில் தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றபோது, ஊறிப் பருத்துப்போன பலகையை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கோடரியால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கலிங்கின் ஆழத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் வழியே போகும் தண்ணீரும் பாதியாகும் என்றே எவரும் நினைப்பார்கள். உண்மையில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பலகை, மணல் மூட்டை, மீன் தப்பாமலிருக்கக் கட்டும் வலை, இவற்றில் எதையும் கலிங்கில் வைக்கக் கூடாது. வலை ஓர் இரவுச் சருகில் சுவராகிவிடும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் வேறிடத்தில் தொட்டி கட்டிக்கொள்ளலாம்.

கலிங்கிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கரையின் அடிக்காலை அரித்துக்கொண்டு போகாமல், தனி வாய்க்காலில் கல் பாவிய தரை வழியாக ஓடையில் சேர வேண்டும்.

குழாயும் வால்வும்

கரைக்கு அடியில் புதைந்து செல்லும் வார்ப்பிரும்புக் குழாய் பழைய அணைகளின் மறைந்திருக்கும் பலவீனம். குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கரை மண் குழாய்க்குள் இழுபடும். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டித் தண்ணீர் வழி தேடினாலும் விளைவு அதேதான். கரைமேல் குழாய்க்கு நேராகச் சிறு குழி விழுந்திருந்தால் அதை எலிவளை என்று மண்போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. வால்வை மூடிய பிறகும் குழாய் முனையில் கலங்கல் தண்ணீர் சொட்டுவது இதன் மற்றோர் அறிகுறி.

வால்வை மாதம் ஒருமுறை முழுதும் திறந்து மூட வேண்டும். திறக்காத வால்வு, வேண்டிய நாளில் திறக்காது. வால்வு கரையின் வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால், கரைக்குள் இருக்கும் குழாய் முழுவதும் எப்போதும் அழுத்தத்தில் இருக்கிறது. உட்புறத்திலும் ஒரு அடைப்பு வைக்கும் வாய்ப்பைப் பொறியாளரிடம் கேட்கலாம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெளியே தெரியும் குழாய்களையும் வால்வையும் சாக்கு சுற்றி வைப்பது உதகைப் பக்கத்தில் தேவைப்படும்.

வால்வு வேலை செய்யாதபோது கரைமேல் ஹோஸ் போட்டு சைஃபன் முறையில் தண்ணீரை இறக்கலாம். ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு குறைந்திருப்பதால், சமவெளியில் இழுக்கும் உயரத்துக்கு இங்கே இழுக்காது. தண்ணீர் மட்டத்துக்கும் ஹோஸின் உச்சிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருந்தால் நம்ப வேண்டாம். கோயம்புத்தூரில் சரியாக ஓடிய டீசல் பம்பு மேலே வந்து திணறுவதற்கும் ஒரு காரணம் இதுவே.

மரமும் விலங்கும்

கரைமேல் மரம் இருக்கக் கூடாது. வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கையில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்கும் கரைமேல் வளர விட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். சரிவான நிலத்துக்கு அந்த நம்பிக்கை பொருந்தலாம், அணைக்குப் பொருந்தாது. காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு பகுதியும் பெயரும். மரம் பட்டுப்போனால் அழுகும் வேர் கரைக்குள் குழாய்போல் வெற்றிடம் விட்டுச்செல்லும். மணிக்கட்டு அளவு செடிகளை உடனே வேரோடு எடுத்து, குழியை இடித்து நிரப்பிவிடலாம். பெரிய மரங்களை வெட்டும் முன் பொறியாளரையும், அனுமதி வேண்டுமா என்று வனத்துறையையும் கேட்க வேண்டும். வெட்டிய பின் அடிக்கட்டையை எடுப்பதானால் தண்ணீர் குறைந்த மாதத்தில், நீர்மட்டத்தை இறக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

முள்ளம்பன்றி வெளிச்சரிவில் வளை தோண்டும். காட்டுப்பன்றி கிழங்கைத் தேடிக் கரையின் தலைப்பையே உழுதுவிடும். நண்டு வளைகள் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். வளையைக் கண்டதும் வாயை மட்டும் அடைத்தால் போதாது, உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று தோண்டிப் பார்த்துப் பின்னிருந்து முன்னாக நிரப்ப வேண்டும். விலங்கைக் கொல்வது குற்றம், தேவையும் இல்லை. காட்டெருமைகளுக்குக் கரையிலிருந்து தள்ளி, ஓடை நுழையும் பக்கத்தில் சாய்வான கல் தரை ஒன்று அமைத்துக் கொடுத்தால் அவை கரையைத் தேய்ப்பது குறையும்; உள்ளே வழுக்கி விழுந்து ஏற முடியாமல் சாவதும் குறையும்.

தூர் வாருதலும் அனுமதியும்

தூர் வார அணையைக் காலி செய்யும்போது அவசரம் கூடாது. பலகாலம் ஊறிய உட்சரிவைத் தாங்கிக்கொண்டிருந்ததே எதிரே நின்ற தண்ணீர்தான். அதைத் திடீரென்று எடுத்துவிட்டால் சரிவு தன் ஈரத்தின் பாரத்திலேயே உள்நோக்கி நழுவும். நாளொன்றுக்கு ஓரடி என்பது பாதுகாப்பான வேகம். உடையும் ஆபத்து வந்துவிட்ட நேரத்தில் இந்த விதியைப் பார்க்கக் கூடாது.

வண்டலை வாரும்போது கரையின் உட்காலை ஒட்டித் தோண்டாமல் சில மீட்டர் தள்ளியே நிறுத்த வேண்டும். பள்ளத்தின் அடியில் கருப்பாகச் சதுப்பு மண் தெரிந்தால் அதைக் கரை உயர்த்தப் பயன்படுத்த நினைக்கக் கூடாது. அது காய்கறி வயலுக்கு உரம், கரைக்கு விஷம். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை. ஓடை பட்டா நிலத்தின் நடுவே ஓடினாலும் வருவாய்க் கணக்கில் ஓடைப் புறம்போக்காக இருக்கலாம். அப்படியெனில் கரையை நீட்டவோ உயர்த்தவோ உரிமையாளர் தாமே முடிவெடுக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலவரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் பின்னால் அலைச்சல் இல்லை. தொழில்நுட்ப ஆலோசனைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையும், உதகையில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்வள ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன.

கல்லும் சிமெண்டும் கொண்ட தடுப்பணைகளுக்கு மேற்சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவற்றில் தண்ணீர் மேலே வழியலாம். பார்க்க வேண்டியவை இரண்டே: வழியும் தண்ணீர் விழும் இடத்தில் அடித்தளம் பறிபட்டிருக்கிறதா, இரு முனையிலும் கரையோடு சேரும் இடத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகிறதா.

குடிநீருக்கு அணைத் தண்ணீரைப் பயன்படுத்துவோர், மேலே உருளைக்கிழங்கு, கேரட் வயல்கள் இருந்தால் முதல் மழையின் கலங்கல் நீரைத் தொட்டிக்கு ஏற்றாமல் விட்டுவிட வேண்டும். பூச்சிமருந்தும் உரமும் அதில்தான் மிகுதி. குளோரினை அணையில் கொட்டுவது வீண். வடிகட்டிய பின் மேல்தொட்டியில் சேர்ப்பதே பயன் தரும்.

பெருமழை இரவில்

கலிங்குக்கு அருகே தண்ணீரில் ஓர் அளவுக்கம்பம் நட்டு, அதில் இரண்டு கோடுகளைப் பெயிண்டால் போட்டு வைக்க வேண்டும். முதல் கோடு, கலிங்கில் தண்ணீர் பாதி உயரம் ஓடும் மட்டம். தண்ணீர் அதைத் தொட்டால் அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் பார்க்க வேண்டும், வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது கோடு, கரையின் விளிம்புக்கு ஓரடி கீழே. அதைத் தொட்டால் கீழே உள்ள வீடுகளிலிருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப வேண்டும், 1077 என்ற எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். கரை உடையுமா உடையாதா என்று விவாதிக்கும் நேரம் அதுவல்ல. வெளிச்சரிவில் கலங்கல் நீர் பீறிட்டாலோ, தண்ணீர்ப் பரப்பில் சுழி தெரிந்தாலோ கோட்டைப் பார்க்காமலே இதைச் செய்ய வேண்டும். இருட்டில் ஒருவர் தனியாகக் கரைமேல் போகக் கூடாது. டார்ச்சோடு இருவர் போய், ஒருவர் கரைக்கு வெளியே உறுதியான நிலத்தில் நிற்க வேண்டும்.

இந்த இரண்டாவது கோட்டைப் பற்றிக் கீழே குடியிருப்பவர்களிடம் வெயில் காலத்திலேயே பேசி, யார் யாரை எழுப்புவது, எந்த மேட்டுக்குப் போவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விடும் உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். லைனில் இருப்பவர்களுக்கு அந்தக் கரையைப் பற்றி உரிமையாளரைவிட அதிகம் தெரியும் என்பது பேசிப் பார்த்தால் விளங்கும். எந்த இடத்தில் எந்த மாதம் கசியும் என்பதைத் துணி துவைக்கப் போகிற பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

தேயிலைத் தோட்டங்களில் மழையளவு எழுதும் நோட்டு ஏற்கெனவே உண்டு. அதே நோட்டில், அதே வரியில், நீர்மட்டம், கசிவு வாளி நிரம்பிய விநாடிகள், பாட்டிலில் படிந்தது என்ன என்று மூன்று கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். தனி நோட்டு போட்டால் இரண்டாம் மாதம் நின்றுவிடும். தோட்டம் கைமாறும்போது பத்திரத்தோடு அந்த நோட்டையும், வால்வின் சாவியையும், அடியில் குழாய் போகும் வழியைக் காட்டும் கைவரைபடத்தையும் புதியவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.